மஞ்சூர் மேட்டில் ஒரு நீலப்பூ

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் காலை அமர்வில் ஆற்றிய உரை. மேடையில் பேசியபோது வந்த பேச்சுவழக்குச் சொற்கள் சிலவற்றைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.)

கடைசி வரிசையில் கதவோரமாக இந்நாள் மாணவத் தம்பி தங்கைகள் இடம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கதவோர வரிசையில் நானும் நான்கு வருடம் இருந்தவன்தான். கூட்டம் நீண்டால் கேன்டீனுக்கு நழுவ அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆகவே சுருக்கமாகப் பேச முயல்கிறேன்.

விழாக் குழுவிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீ பம்ப் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாய், அதைப் பற்றிப் பேசேன்" என்றார்கள். நான், "ஒரு காட்டுப்பூவைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிப்பா, பத்து நிமிஷம்" என்றார்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்குப் பூவோடு என்ன வேலை என்று நீங்களும் நினைக்கலாம். இந்தக் கல்லூரியில் படிக்கும்போது நான் செய்த ஒரு தவறு அந்தப் பூவில் இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

என் சொந்த ஊர் மஞ்சூர். ஊட்டியிலிருந்து குந்தா வழியாகப் போக வேண்டும். காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மேலேறினால் 43 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் தேயிலை, படுகர் கிராமங்கள், நடு நடுவே சோலைக்காடு, கீழே குந்தா மின் நிலையங்களின் அணைகளும் குழாய்களும். என் தாத்தாவும் அப்பாயியும் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அந்தக் கணக்கில் வந்த இரண்டு பேர் அவர்கள். அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. ஊருக்குள் 'சிலோன்காரங்க'. நான் மஞ்சூரில் பிறந்தவன், இலங்கையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் பெயரும் 'சிலோன்'தான். நிற்க.

2008 டிசம்பரில், நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் மஞ்சூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றைச் சுத்தம் செய்வதுதான் வேலை. உள்ளூர்க்காரன் என்பதால் ஒரு குழுவுக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள். ஊற்றுக்கு மேலே ஒரு மேடு. மேடு முழுக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி, சின்னச் சின்ன நீலப்பூக்களோடு நின்றது. ஒரு தம்பி, "அண்ணா, இது என்ன செடி? பிடுங்கலாமா, விடலாமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் அறையில் ஒரு காலண்டர் இருந்தது. அதில் ஐந்து இதழோடு குட்டியாக நீலப்பூ. கீழே 'ஃபர்கெட்-மி-நாட்' என்று போட்டிருந்தது. நான் கொஞ்சமும் தயங்காமல், "இது ஃபர்கெட்-மி-நாட்டுடா. வெள்ளைக்காரன் பங்களாத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது, காட்டுக்குள்ள பரவிடுச்சு. அன்னியக் களை. எல்லாத்தையும் பிடுங்குங்க" என்று உத்தரவு போட்டேன். நீலகிரியில் அன்னியக் களைகள் பெரிய தொல்லை என்பது உண்மை. முள்புதர் மாதிரி மண்டும் கோர்ஸ், ஸ்காட்ச் புரூம், உண்ணி எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. முப்பது பேர் ஒரு பகல் முழுக்க வேரோடு பிடுங்கிக் குவித்தோம். குவியலுக்கு முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலை வீட்டுக்குப் போனேன். அப்பாயி என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. இரண்டு சாக்ஸிலும் ஒட்டுக்காய் அடை அடையாக ஒட்டியிருந்தது. "எங்கய்யா போயி இம்புட்டு ஒட்டிக்காயைக் கொண்டாந்த?" என்றது. பூவைச் சொன்னேன், வெளிநாட்டுக் களை என்று சொன்னேன். "இதா? இது இங்கனயே கெடக்குற செடிய்யா. அங்க எங்க லயத்துக்குப் பின்னாலயும் இருந்துச்சு. ஓடக்கரையில மண்ணப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இதையா பிடுங்குனீங்க?" என்று கேட்டது. நான் காலண்டரைச் சொன்னேன். "படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அதோடு விட்டுவிட்டது.

அடுத்த ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தது. நாங்கள் வெறுமையாக்கிய மேடு அரித்து, மண் சரிந்து, நாங்கள் சுத்தம் செய்த அதே ஊற்றை மூடியது. அதே ஆண்டு நவம்பரில் நீலகிரியில் நடந்த பெரும் நிலச்சரிவுகளோடு இதை ஒப்பிட மாட்டேன். இதில் யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தக் கிராமத்துப் பெண்கள் குடத்தோடு கீழே ஓடைவரை இறங்கி ஏற வேண்டியதாயிற்று. ஊர்க்காரர்களே மறுபடி மண் அள்ளினார்கள். எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கி மேட்டை மொட்டையடித்ததுதான் காரணம். அதற்கு உத்தரவு போட்டது நான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அது உண்மையில் என்ன செடி என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தது. கோவையில் ஒரு கலைக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அம்மையார் ஒருவரைத் தேடிப் போனேன். போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பூ சரி தம்பி, காய் எங்கே?" என்றார். காய் கொண்டுவரவில்லையே என்று விழித்தேன். சட்டென்று நினைவுக்கு வந்தது. ஹாஸ்டல் பெட்டிக்குள் அந்த சாக்ஸ் ஆறு மாதமாகத் துவைக்கப்படாமல் கிடந்தது! அறையில் உடன் இருந்த நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களே சாட்சி. மறுநாள் சாக்ஸோடு போனேன். அந்த அம்மையார் முகம் சுளிக்காமல் ஒரு காயைப் பிய்த்து, பத்து மடங்கு லென்ஸை என் கையில் கொடுத்து, "பாருங்க" என்றார்.

அன்று பார்த்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நீலகிரியில் வழியோரம் ஒரு சின்ன நீலப்பூவைப் பார்த்தால் வரிசையாக ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். பட்டறையில் 'கோ – நோ கோ' கேஜ் வைத்துச் சோதிப்போமே, அதுபோல. ஒவ்வொரு கேள்வியிலும் சில செடிகள் கழிந்துபோகும்.

முதல் கேள்வி, இதழ் மடல் எத்தனை? பளிச்சென்ற நீலத்தில் இரண்டு பெரிய இதழ், கீழே கண்ணில் படாத மாதிரி ஒன்று, ஆக மூன்று என்றால் அது கானாவாழை வகை. நான்கு மடல், உள்ளே இரண்டே மகரந்தத் தாள் என்றால் வெரோனிகா. ஐந்து மடலும் அடியில் ஒன்றாகச் சேர்ந்து சின்னக் குழலாக இருந்தால் மேலே போகலாம்.

இரண்டாம் கேள்வி, இலை எப்படி அமைந்திருக்கிறது? மலைச்சாலை ஓரத்தில், தோட்டப் பாதையில், தரையோடு படரும் ஒரு செடி உண்டு. ஐந்து மடல், நல்ல நீலம். பலரும் இதையும் ஃபர்கெட்-மி-நாட் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அனகாலிஸ் என்பது வெகுகாலம் வழங்கிய பெயர். இப்போது லைசிமேக்கியா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். தண்டு நாலு பட்டையாக இருக்கும், இலைகள் எதிரெதிராக இருக்கும், இலைக் கக்கத்தில் ஒற்றைப் பூ தனிக்காம்பில் நிற்கும். புல்வெளியில் வெயிலுக்கு விரியும் சின்ன ஜென்ஷியனுக்கும் இலை எதிரெதிர்தான். நாம் தேடும் குடும்பத்துக்கு இலை மாற்றி மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். தொட்டால் சொரசொரவென்று இருக்கும்.

மூன்றாம் கேள்வி, பூங்கொத்து சுருண்டிருக்கிறதா? இதற்கு நம் கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இருக்கிறது. வயல் வரப்பில், குளத்தங்கரையில் தேள்கொடுக்குச் செடி பார்த்திருப்பீர்கள். பூந்தண்டின் நுனி தேள் வால் மாதிரி வளைந்திருக்கும். பூ பூக்கப் பூக்க நிமிர்ந்துகொண்டே போகும். தாவரவியலார் லத்தீனிலும் இதைத் 'தேள் போன்ற' என்றுதான் சொல்கிறார்கள். நம்மவர்கள் செடிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். தேள்கொடுக்கு, கரிசல் காட்டில் தலைகுனிந்து பூக்கும் கவிழ்தும்பை, பழத்தில் பசை எடுத்துக் காகிதம் ஒட்டுவோமே அந்த நறுவிலி, இவை எல்லாம் பொராஜினேசி என்ற ஒரே பெரிய குடும்பம். ஃபர்கெட்-மி-நாட்டும் அதே குடும்பம். மஞ்சூர் மேட்டுச் செடியும் அதே குடும்பம். அதனால்தான் நான் ஏமாந்தேன். அண்ணன் தம்பி முகச்சாடை மாதிரி.

நான்காம் கேள்வி, பூவின் நடுவே கண் என்ன நிறம்? அசல் ஃபர்கெட்-மி-நாட்டின் பேரினப் பெயர் மயோசோடிஸ். கிரேக்கத்தில் சுண்டெலிக் காது என்று பொருள். இலையின் வடிவத்தைப் பார்த்து வைத்தது. அதன் நீலப்பூவின் நடுவே அழகான மஞ்சள் வளையம் இருக்கும். பூ வயதாக ஆக அந்த மஞ்சள் வெளுத்துவிடும். இங்கே இனித் தேன் இல்லை என்று பூச்சிக்குக் காட்டும் பலகை மாதிரி. எங்கள் ஊர்ச் செடியில் அந்த மஞ்சள் வளையம் கிடையாது. குழலின் வாயை ஐந்து சின்னச் செதில்கள் மூடியிருக்கும். அவையும் பூவின் நிறத்தை ஒட்டியே இருக்கும். காலண்டர் படத்தில் மஞ்சள் கண் தெளிவாகவே இருந்தது. நான்தான் நீலத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் கேள்விதான் கடைசித் தீர்ப்பு. காய் எப்படி? இரண்டிலும் ஒரு பூவுக்கு நான்கு சிறு கொட்டைகள். மயோசோடிஸின் கொட்டை வழவழவென்று பளபளப்பாக இருக்கும், எதிலும் ஒட்டாது. நம் செடியின் கொட்டை முழுக்க முள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் நங்கூரம் மாதிரிக் கொக்கி. மாட்டு மயிரிலும், மனுசன் சட்டையிலும், என் சாக்ஸிலும் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதற்கு. இதன் பேரினம் சைனோகிளாஸம். நாய்நாக்கு என்று பொருள். இலையைத் தடவிப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

மாணவர்களுக்கு இடையில் ஒன்று சொல்கிறேன். 1941-ல் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் மலையில் நடந்துவிட்டு வந்தபோது தன் நாயின் மயிரிலும் தன் உடையிலும் ஒட்டியிருந்த ஒரு ஒட்டுக்காயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அது வேறு குடும்பத்துச் செடி, ஆனால் கொக்கி இதே தத்துவம்தான். அந்தக் கொக்கியிலிருந்து பிறந்ததுதான் இன்று உங்கள் பையிலும் செருப்பிலும் இருக்கும் வெல்க்ரோ. அவருக்கும் ஒட்டிக்காய் ஒட்டியது, எனக்கும் ஒட்டியது. அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான் சாக்ஸைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். (சிரிப்பு)

பேரினம் தெரிந்துவிட்டது, இனம் எது? அந்த அம்மையார் என்னை லாலி ரோட்டுக்கு அனுப்பினார். இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தென்மண்டல மையமும் 'மதராஸ் ஹெர்பேரியம்' என்ற உலர்தாவரக் காட்சியகமும் அங்கே இருக்கின்றன. இவ்வளவு நாள் கோவையில் படித்தும் அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அலமாரி அலமாரியாகத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு செடி, ஓரத்தில் ஒரு சீட்டு. எந்த இடம், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று எழுதியிருக்கும். நூறு வருடத்துக்கு முன்னால் எடுத்த செடியையும் நேற்று எடுத்த செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பழைய நூல்களும் பார்த்தேன். ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1846-லிருந்து 1851 வரை நீலகிரித் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட படநூல் உண்டு. அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 1932-ல் வெளியிட்ட தென்னிந்திய மலைவாசத் தலங்களின் தாவர நூலும் அப்படித்தான். அதிலுள்ள கோட்டோவியங்களை வைத்துக்கொண்டே பல செடிகளை அடையாளம் காணலாம்.

அங்கே கற்றது இது. மஞ்சூர் மேட்டுச் செடியைப் பழைய நூல்கள் சைனோகிளாஸம் ஃபர்கேட்டம் என்றன. ஃபர்கேட்டம் என்றால் கவை பிரிந்தது. பூந்தண்டு கவண் கட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். பூ குறுக்களவு சுமார் 5 மில்லிமீட்டர், கொட்டை சில மில்லிமீட்டர். தென்னிந்திய மலைகளில் இதன் உறவு இன்னொன்றும் உண்டு, சைனோகிளாஸம் லான்ஸியோலேட்டம். ஈட்டி இலை என்று பொருள். அதன் பூ 2, 2.5 மில்லிமீட்டர்தான், வெளிர்நீலம், கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். கொட்டையும் சிறிது. தோட்டக்காரர்கள் 'சைனீஸ் ஃபர்கெட்-மி-நாட்' என்று விதைப்பொட்டலத்தில் விற்பது மூன்றாவது ஒன்று, சைனோகிளாஸம் அமாபிலே. அது உண்மையிலேயே வெளியிலிருந்து வந்தது. பூ பெரிது, செடி முழுக்க மென்மயிர். ஃபர்கெட்-மி-நாட் என்ற பெயரை விலைக்காக ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பிறகு இந்தப் பேரினத்தின் எல்லைகளையே மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வழியில் நின்று பார்ப்பவனுக்கு ஸ்கேலும் லென்ஸும் போதும்.

பின்னாளில் வந்த தமிழ்நாட்டுத் தாவர நூல்களில் ஃபர்கேட்டத்துக்கு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். சைனோகிளாஸம் ஸெய்லானிகம். ஸெய்லானிகம் என்றால் சிலோனைச் சேர்ந்தது.

அந்தத் தாளின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். அங்கிருந்த அலுவலர் ஒருவரிடம், "சார், அப்படின்னா இது சிலோன்லேருந்து வந்ததா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இல்லீங்க. பேர் வைக்கிறவர் கையில எந்த ஊர்ச் செடி இருக்கோ அந்த ஊர் பேர்ல ஏறிடும். அதை வெச்சுப் பூர்வீகம் சொல்ல முடியாது. இது ரெண்டு பக்கமும் இருக்கிற செடி" என்றார். அவருக்கு அது சாதாரணத் தகவல். எனக்கு அப்பாயி சொன்னது காதில் விழுந்தது. இங்கனயே கெடக்குற செடி, அங்க லயத்துக்குப் பின்னாலயும் இருந்துச்சு. எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத கிழவி ஒரே பார்வையில் சொன்ன விவரம் அத்தனையும் சரி. 'சிலோன்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என்னை அழவைத்த ஊரில் பிறந்த நான், அதே ஊர்ச் செடியைப் பார்த்து 'அன்னியம்' என்று சொல்லிப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். காலண்டரைத் தவிர வேறு எதையும் பார்க்காமல்.

நண்பர்களே, இது பூ விஷயம்தானே, இதனால் என்ன என்று விட்டுவிடலாம். ஆனால் நம் தொழிலிலும் இதே கதைதான். பட்டறையில் 3/8 அங்குல விட்வொர்த் போல்ட்டும் எம் 10 போல்ட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் கண்ணால் பிரிக்க முடியுமா? விட்டத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 3/8 போல்ட் எம் 10 நட்டுக்குள் போகும். கொஞ்சம் தளர்வாக, ஆனால் போகும். இறுக்கியாயிற்று என்றுதான் தோன்றும். சுமை ஏறும்போதுதான் மரை பிய்த்துக்கொண்டு வரும். மரை கேஜ் வைத்துப் பார்த்தால் ஒன்று 1.5 மில்லிமீட்டர், மற்றொன்று ஏறக்குறைய 1.59. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு டப்பாவை நான் பிரித்து வைத்தபோது, "எதுக்குப்பா இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்கள். மஞ்சூர் மேட்டைப் பார்த்தவன் நான், அதனால் பிரித்தேன்.

செடிகளில் இன்னும் ஒரு ஆபத்து உண்டு. தாய்மார்கள் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். இதன் ஐரோப்பிய உறவான நாய்நாக்குச் செடியை மேய்ந்து மாடும் குதிரையும் செத்ததுண்டு. ஒன்றைப் போல ஒன்று இருக்கிறது என்பதற்காகப் பேர் தெரியாத இலையைக் கசாயம் போடக் கூடாது.

குறிஞ்சியிலும் இந்தக் குழப்பம் உண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2030. ஆனால் இடையிடையே 'குறிஞ்சி பூத்தது' என்று கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு ஓடுகிறோம். குறிஞ்சிப் பேரினத்தில் நம் மலைகளிலேயே பல இனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. எந்த இனம் என்று பார்க்காமல் பொதுவாகக் 'குறிஞ்சி' என்று சொன்னால் வருடக் கணக்கு ஒத்து வராது.

தம்பி தங்கைகள் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன், நல்ல உதவி. ஆனால் அதுவும் நீங்கள் காட்டியதைத்தான் பார்க்கும். பூவின் முகத்தை மட்டும் காட்டினால் என்னைப் போலத்தான் அதுவும் காலண்டர் பார்த்துச் சொல்லும். ஐந்து படம் எடுங்கள். பூ முன்பக்கம், பூ பக்கவாட்டில், இலை தண்டோடு சேரும் இடம், முழுச்செடி, காய். காய் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். இடமும் தேதியும் எழுதுங்கள். காப்புக்காட்டில் எதையும் அனுமதியில்லாமல் பறிக்காதீர்கள், படமே போதும். எல்லாம் செய்த பிறகும் சந்தேகம் இருந்தால் 'சைனோகிளாஸம், இனம் தெரியவில்லை' என்று எழுதி வையுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. அன்று அந்தத் தம்பி கேட்டபோது "தெரியலடா, இரு, கேட்டுச் சொல்றேன்" என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஊற்று மூடியிருக்காது.

கடைசியாக ஒன்று. அப்பாயி 2016-ல் காலமாகிவிட்டது. முகாம் நடந்த அன்று இரவு ஒரு சாக்ஸிலிருந்து அது பொறுமையாக ஒவ்வொரு காயாகப் பிய்த்தது. மற்றொன்றை நான் அவசரத்தில் பெட்டியில் போட்டுவிட்டேன். பிய்த்த காய்களை அடுப்பில் போடாமல் கொல்லைப்புற மேட்டில் கொண்டுபோய்த் தூவியிருக்கிறது. எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது வீட்டுக்குப் பின்னால் அந்த மேடு முழுக்க அதுதான் நிற்கிறது. அந்த விதையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுபோய், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஊற்று மேட்டில் நானும் என் நண்பர்கள் நாலு பேரும் போட்டோம். புல்லும் போட்டோம். இரண்டு மழைக்காலம் தாண்டி மேடு நிற்கிறது. அந்தக் கிராமத்தாரிடம் இந்தக் கல்லூரியின் மாணவனாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் டீ கொடுத்து அனுப்பினார்கள்.

நம் கல்லூரி மாணவர்களுக்காகப் பத்து மடங்கு லென்ஸ் இருபது வாங்கி வந்திருக்கிறேன். முதல்வர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். இந்த வருட முகாமுக்குப் போகும் பிள்ளைகள் மண்வெட்டியோடு இதையும் எடுத்துச் செல்ல வேண்டும். மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் இதை எடுக்க வேண்டும். மஞ்சூர்ப் பக்கம் வருகிறவர்கள் சொல்லி அனுப்புங்கள், மேட்டைக் காட்டுகிறேன். சாக்ஸ் மட்டும் பழசாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பத்து நிமிடம் என்று வாங்கிய நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.